குறுக்கெழுத்துப் புதிரும் குறிப்பறியும் திறமும்



என் பாட்டி பால் மரம் வெட்டியவர். தம் பெயரை எழுதத் தெரியாது. சம்பள நாளில் கைநாட்டுத்தான் வைப்பார். ஆனால், இரவுச் சாப்பாடு முடிந்து லயத்து வாசலில் உட்கார்ந்துவிட்டால், எங்களுக்கெல்லாம் அவர்தான் வாத்தியார். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளும் வந்து சூழ்ந்துகொள்வார்கள். பாட்டி ஒரு விடுகதை போடுவார்.

"விடியுமுன் வெட்டுப்படுவான், வெள்ளை ரத்தம் சிந்துவான், மங்கு நிறையக் கொடுத்துவிட்டு மறுநாளும் வெட்டுக்கு நிற்பான். அவன் யாரு?"

ஒருவன் "கோழி" என்பான். இன்னொருவன் "ஆடு" என்பான். பாட்டி சிரித்துக்கொண்டே, "கோழிக்கு வெள்ளை ரத்தமாடா? வெட்டின ஆடு மறுநாளும் வந்து நிக்குமாடா? சொன்னதை முழுசாக் கேளு" என்பார். பிறகு யாராவது ஒரு பிள்ளை "பால்மரம்!" என்று கத்தும். பாட்டி அதோடு விடமாட்டார். "எப்படி?" என்று கேட்பார். வெட்டு எது, ரத்தம் எது, மங்கு எது என்று ஒவ்வொன்றாகப் பொருத்திச் சொன்ன பிறகுதான் அந்த விடையை ஏற்றுக்கொள்வார்.

விடை தெரிந்தால் மட்டும் போதாது. அது ஏன் விடை என்று சொல்லவும் தெரிய வேண்டும் என்பது பாட்டி கற்றுக்கொடுத்த பாடம். அந்தப் பாடத்தை நான் பிற்காலத்தில் ஒருமுறை மறந்துவிட்டேன். அதைத்தான் இன்று முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும்.

நான் ஆசிரியராகிச் சில ஆண்டுகள் சென்றிருந்தன. பள்ளியில் தமிழ்மொழி விழா. மாணவர்களுக்கு ஒரு சொற்போட்டி வைத்தேன். கரும்பலகையில் இப்படி எழுதினேன்: "இது உள்ளவனை ஊர் மதிக்கும்: ப-ம்." நடுவில் ஓர் எழுத்தை நிரப்ப வேண்டும். என் மனத்தில் இருந்த விடை "பணம்". நான்காம் ஆண்டில் படித்த ஒரு சிறுமி "பலம்" என்று எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையால் தவறு என்று குறித்தேன். அந்த ஒரு மதிப்பெண் குறைந்ததால் அவளுக்குப் பரிசு கிடைக்கவில்லை.

பள்ளி விட்டதும் அந்தப் பிள்ளை என் மேசையருகே வந்து நின்றாள். "சார், பலம் உள்ளவனை ஊர் மதிக்காதா சார்? என் விடை ஏன் தப்பு?" என்று கேட்டாள். அவள் குரலில் துடுக்குத்தனம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. "நான் நினைத்தது பணம்" என்பதைத் தவிர வேறு காரணம் எதையும் என்னால் சொல்ல முடியவில்லை. அவள் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்று நான் வைத்தது அறிவுப் போட்டியன்று. என் மனத்தில் இருப்பதை ஊகிக்கச் சொன்ன சீட்டுக் குலுக்கல்தான்.

நேயர்களே, இதே தவறு ஒரு காலத்தில் பெரிய அளவில் நடந்தது. 1930களில் தமிழ்நாட்டில் எஸ். எஸ். வாசன் அவர்களின் ஆனந்த விகடன் குறுக்கெழுத்துப் போட்டிகளை நடத்தியது. கட்டங்களை நிரப்பி அனுப்பினால் பணப் பரிசு. இந்தியாவின் பல மொழி ஏடுகளிலும் இத்தகைய போட்டிகள் பரவின. பத்திரிகை விற்பனை பெருகியது. இது சூதாட்டமே என்று கண்டித்தவர்களும் இருந்தார்கள்.

ஏன் அப்படிச் சொன்னார்கள்? பரிசுப் போட்டிகளில் பெரும்பாலும் என் "ப-ம்" போன்ற கேள்விகளே இருந்தன. ஒரே இடத்திற்கு இரண்டு சொற்கள் பொருந்தும். நடத்துபவர் ஒன்றை முன்கூட்டியே எழுதி உறையிலிட்டு ஒட்டி வைத்திருப்பார். அது எது என்று எந்த அறிவாளியாலும் சொல்ல முடியாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்படி இரண்டு விடை வரக்கூடிய இடங்கள் 10 இருந்தால், இரண்டைப் பத்து முறை பெருக்க வேண்டும். மொத்தம் 1,024 விதமாக நிரப்பலாம். அவற்றில் ஒன்றுக்குத்தான் பரிசு. சீட்டு ஒன்றுக்குக் கால் ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், எல்லா விதத்தையும் அனுப்ப 256 ரூபாய் வேண்டும். ஏழைக் குடும்பத்துக்கு எட்டுகிற காரியமா அது?

இந்திய நாடாளுமன்றம் 1955இல் பரிசுப் போட்டிகள் பற்றி ஒரு சட்டம் செய்தது. மாதம் ஒன்றுக்கு 1,000 ரூபாய்க்கு மேல் பரிசு கொடுக்கக்கூடாது என்று அச்சட்டம் வரம்பு கட்டியது. போட்டி நடத்தியவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1957இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திறமையால் வெல்லக்கூடிய போட்டி வேறு, சூதாட்டத் தன்மையுள்ள போட்டி வேறு. சட்டத்தின் கட்டுப்பாடு சூதாட்டத் தன்மையுள்ளவற்றிற்கே உரியது என்று நீதிமன்றம் விளக்கியது. என் மேசையருகே நின்ற அந்தச் சிறுமி கேட்ட கேள்வியும் இதுதான். இது திறமையா, குருட்டு அதிர்ஷ்டமா?

அப்படியானால், திறமையால் மட்டுமே வெல்லக்கூடிய புதிர் எப்படி இருக்கும்? அதை எனக்கு முதலில் காட்டியவர் ஒரு கிராணியார்.

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலம். விடுமுறை நாள்களில் பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி ஜார்ஜ் டவுனுக்குப் போவேன். நம்மவர்கள் கடைத்தெரு என்றழைக்கும் வீதியில் ஒரு தேநீர்க் கடை. அங்கே ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணியார் ஒருவர், ஆங்கிலப் பத்திரிகையை மடித்து வைத்துக்கொண்டு, கட்டங்களில் எழுத்துகளை நிரப்பிக்கொண்டிருப்பார். ஒருநாள் பக்கத்தில் இடம் கிடைத்தது. எட்டிப் பார்த்தேன். கேள்வியே எனக்குப் புரியவில்லை.

"தம்பி, இது கேள்வி இல்லை. மறைகுறிப்பு. இதற்கு இரண்டு பக்கம் உண்டு. ஒரு பக்கம் விடையின் நேர்ப்பொருளைச் சொல்லும். மறுபக்கம் அந்தச் சொல்லை எப்படிக் கட்டுவது என்று சொல்லும். இரண்டும் ஒரே சொல்லில் வந்து முடிந்தால்தான் விடை. குறிப்பில் ஒரு சொல்கூட வீணாக இருக்காது" என்றார் அவர்.

குறுக்கெழுத்துப் புதிரின் வரலாற்றையும் அவர்தான் சுருக்கமாகச் சொன்னார். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்து அமெரிக்காவில் பத்திரிகைப் பணி செய்த ஆர்தர் வின் என்பவர், 1913ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் நியூயார்க் ஏடு ஒன்றில் முதல் குறுக்கெழுத்துப் புதிரை வெளியிட்டார். அதில் நேரான கேள்விகளே இருந்தன. 1920களில் அந்த விளையாட்டு இங்கிலாந்தில் பரவியபோதுதான், பொருளை மறைத்துச் சொல்லும் இந்த முறை வளர்ந்தது. லண்டன் டைம்ஸ் நாளிதழ் 1930இல் குறுக்கெழுத்தை வெளியிடத் தொடங்கியது. இந்தியாவில், கடற்படையின் தலைமைத் தளபதியாக இருந்து ஓய்வுபெற்ற அட்மிரல் கட்டாரி அவர்கள், சென்னையிலிருந்து வெளிவரும் தி இந்து ஆங்கில நாளிதழுக்கு இத்தகைய புதிர்களை அமைத்துக் கொடுத்தார்.

நான் கேட்டேன்: "ஐயா, இது ஆங்கிலத்துக்கு மட்டும்தானா? தமிழில் வராதா?"

அவர் சிரித்தார். "தமிழில் வராததா? நம் ஆள்கள் எண்ணூறு வருடத்துக்கு முன்னாலேயே பெயர் வைத்து இலக்கணமே எழுதிவிட்டார்கள்" என்றார்.

அவர் சொன்னது தண்டியலங்காரத்தை. 12ஆம் நூற்றாண்டில் எழுந்ததாகக் கருதப்படும் அணியிலக்கண நூல் அது. அதன் சொல்லணியியலில் மிறைக்கவிகள் என்று ஒரு பகுதி உண்டு. சொற்களையும் எழுத்துகளையும் கூட்டியும் குறைத்தும் ஒளித்தும் பாடுகின்ற வகைகள் அங்கே வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. கட்டம் போட்டு நிரப்பும் விளையாட்டு மேல்நாட்டிலிருந்து வந்ததுதான். ஆனால், சொல்லுக்குள் சொல்லை ஒளிக்கும் கலை நமக்குப் புதியதன்று.

இனி, சில குறிப்புகளைப் பார்ப்போம். இவை என் வகுப்பு மாணவர்களுக்காக நான் அமைத்தவை. அடைப்புக்குள் இருக்கும் எண், விடையில் எத்தனை எழுத்துகள் என்பதைக் காட்டும். தமிழில் க் என்றாலும் கா என்றாலும் கௌ என்றாலும் ஓர் எழுத்துத்தான், ஒரு கட்டந்தான்.

முதல் குறிப்பு: "மாவிலே ஓட்டை போட்டால் முத்து முத்தாய் உதிரும் பழம் (3)."

படித்தவுடன் என்ன தோன்றுகிறது? யாரோ மாவைப் பிசைந்து ஓட்டை போடுவது போலத் தோன்றுகிறது. அந்தக் கதையை நம்பக் கூடாது. சொற்களை மட்டும் பிடித்துக்கொள்ள வேண்டும். குறிப்பின் ஒரு முனையில் நேர்ப்பொருள் இருக்கும். இங்கே அது "முத்து முத்தாய் உதிரும் பழம்". மறுமுனையில் "மா" இருக்கிறது. ஓட்டைக்கு மற்றொரு சொல் "துளை". மாவோடு துளையைச் சேர்த்தால் மாதுளை! பழமும் பொருந்துகிறது, எழுத்தும் மூன்று. சிறு சிறு விடைகளைச் சேர்த்துப் பெரிய விடை காணும் இந்த முறைக்கு நெருங்கிய உறவாகத் தண்டியலங்காரத்தில் வினாவுத்தரம் என்ற வகை உண்டு. பல வினாக்களின் விடைகள் ஒன்றுகூடி ஒரு சொல்லாவது அது.

இரண்டாம் குறிப்பு: "கவலை தலை போனால் மீனவனுக்குச் சோறு போடும் (2)."

தலை என்பது இங்கே முதல் எழுத்து. கவலையில் "க" போனால் மிஞ்சுவது வலை. மீனவனுக்குச் சோறு போடுவது வலைதானே? எழுத்தைக் குறைத்துக்கொண்டே போய்ப் புதுச்சொல் காண்பதை நம் முன்னோர் அக்கரச்சுதகம் என்றார்கள்.

மூன்றாம் குறிப்பு: "குறுகிய மாலையில் பினாங்கில் ரயிலேறிப் போகும் இடம் (2)."

மாலை நேரம் குறைவாக இருக்கிறது, ரயிலேறிச் சுற்றிப் பார்ப்போம் என்று கதை போகிறது. ஆனால், "குறுகிய" என்ற சொல் நெடில் குறிலாகிறது என்று காதில் சொல்லுகிறது. மாலையின் "மா" குறுகி "ம" ஆனால் மலை. 1923ஆம் ஆண்டிலிருந்து ரயில் ஏறிப் போகின்ற நம் பினாங்குக் கொடிமலைதான் அது. குறில் நெடில் வேறுபாட்டை மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். இந்த ஒரு குறிப்பைப் போட்ட பிறகு, பாடம் குறுகினால் படம், வாடை குறுகினால் வடை என்று அவர்களே தேடத் தொடங்கினார்கள்.

நான்காம் குறிப்பு: "நல்ல வங்கம் உள்ளே ஒளித்துவைத்த வாசனைச் சரக்கு (5)."

வங்கம் என்றால் கப்பல் என்று ஒரு பொருள் உண்டு. கப்பலுக்குள் சரக்கைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். "நல்ல வங்கம்" என்று எழுதியிருக்கும் எழுத்துகளையே பாருங்கள். ந, ல், ல, வ, ங், க, ம். முதல் இரண்டை விட்டுவிட்டுப் படியுங்கள். லவங்கம்! கிராம்புக்கு அதுதான் பெயர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாதிக்காயும் கிராம்பும் பெருமளவில் பயிரிடப்பட்ட தீவு நம் பினாங்கு. கண்ணெதிரே இருந்தும் விடை தெரியாமற் போவது இந்த வகையில்தான். ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டை ஒளித்துவைக்கும் வகையைத் தண்டியலங்காரம் கரந்துறைச் செய்யுள் என்று கூறுகிறது.

ஐந்தாம் குறிப்பு: "நகரம் குழம்பினால் பாவிகள் போகும் இடம் (4)."

குழம்பினால் என்பது எழுத்துகள் இடம் மாறுவதைக் குறிக்கிறது. ந, க, ர, ம் என்ற நான்கையும் கலைத்து அடுக்கினால் நரகம். போக்குவரத்து நெரிசலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இந்த விடை உடனே வந்துவிடும்.

ஆறாம் குறிப்பு: "வானத்துக்குள்ளே கடைத்தெரு தொடங்கினால் ஏறிப் போகலாம் (4)."

கடைத்தெரு தொடங்கும் எழுத்து "க". அது வானத்துக்குள்ளே நுழைந்தால் வாகனம். ஏறிப் போகலாம் என்பது நேர்ப்பொருள்.

ஏழாம் குறிப்பு: "சிவா, திரும்பிப் படி (2)."

இதை நான் கரும்பலகையில் எழுதியபோது, சிவா என்ற பெயருடைய மாணவன் பின்னால் திரும்பிப் பார்த்தான். வகுப்பே சிரித்தது. திரும்ப வேண்டியவன் அவனல்லன், அவன் பெயர். சிவாவைத் திருப்பினால் வாசி. வாசி என்றால் படி என்றுதானே பொருள்? முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வருவதற்கு மாலைமாற்று என்று பெயர். தாத்தா, பாப்பா, விகடகவி ஆகிய சொற்களைத் திருப்பிப் பாருங்கள். திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுவதையும் மாலைமாற்றாகவே பாடியிருக்கிறார்.

எட்டாம் குறிப்பு: "வானில் வந்தால் குளிர்ச்சி, வாரத்தில் வந்தால் வேலை (4)."

விடை திங்கள். நிலாவும் திங்கள், ஞாயிறு ஓய்வுக்குப் பின் வேலைக்குப் போகும் நாளும் திங்கள். ஒரு சொல் இரு பொருள் தருகின்ற இந்தச் சிலேடையில் 15ஆம் நூற்றாண்டுக் காளமேகப் புலவரை மிஞ்சியவர் இல்லை. யானையையும் வைக்கோலையும் ஒரே பாட்டில் பாடினார் அவர். இரண்டுக்கும் என்ன ஒற்றுமை? "களம்" என்றால் நெல்லடிக்கும் இடம். போர் நடக்கும் இடமும் களமே. "போர்" என்றால் சண்டை. வைக்கோலைக் குவித்து வைப்பதும் போரே. சொல்லுக்கு இருக்கும் இரண்டு முகத்தையும் தெரிந்தவருக்கு யானையும் வைக்கோலும் ஒரே பாட்டில் அடங்கிவிடுகின்றன.

நேயர்களே, இந்த எட்டுக் குறிப்புகளையும் என் பழைய "ப-ம்" கேள்வியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே விடை சொன்ன பிறகும் சந்தேகம் தீரவில்லை. இங்கே விடை கிடைத்த அந்த நொடியிலேயே அதுதான் சரி என்று மனம் அறிந்துகொள்கிறது. ஆசிரியர் வந்து சரி என்று குறிக்க வேண்டியதில்லை. ஒரு மாணவன் எழுந்து, "சார், என் விடை ஏன் தப்பு?" என்று கேட்டால், என்னால் எழுத்து எழுத்தாகக் காரணம் சொல்ல முடியும். காரணம் சொல்ல முடியாவிட்டால் தவறு அவனுடையது அன்று. குறிப்பை அமைத்த என்னுடையது.

கட்டங்களும் இதற்குத் துணை நிற்கின்றன. இடமிருந்து வலமாக வரும் சொல்லும் மேலிருந்து கீழாக வரும் சொல்லும் ஒரு கட்டத்தில் சந்திக்கும். ஒன்று தவறானால் மற்றொன்று காட்டிக்கொடுத்துவிடும். தமிழில் கட்டம் அமைப்பது சற்றுக் கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் 26 எழுத்துகள்; நமக்கு 247. அதோடு, மெய்யெழுத்துத் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது. ஆகவே, "மலர்" என்று குறுக்கே முடிகின்ற கட்டத்திலிருந்து கீழ்நோக்கி ஒரு புதுச்சொல்லைத் தொடங்க முடியாது. அந்த "ர்" கீழ்நோக்கி வரும் சொல்லின் நடுவிலோ கடைசியிலோதான் அமைய வேண்டும். இத்தனை தடைகள் இருந்தும், 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற தென்றல் என்ற தமிழ் மாத இதழில், வாஞ்சிநாதன் அவர்கள் பல ஆண்டுகள் இத்தகைய மறைகுறிப்புப் புதிர்களைத் தமிழிலேயே அமைத்து வந்திருக்கிறார். நான்கு எழுத்துக்கு நான்கு எழுத்துக் கட்டம் ஒன்றை நீங்களே அமைத்துப் பாருங்கள். மொழிமுதல் எழுத்துகள், மொழியிறுதி எழுத்துகள் என்ற இலக்கணம் தானாகவே மனத்தில் பதிந்துவிடும்.

நம்மோடு வாழும் மற்ற இனத்தவருக்கும் இந்த விளையாட்டு உண்டு. மலாய்க்காரர்கள் விடுகதையைத் தெக்கா-தெக்கி என்பார்கள். குறுக்கெழுத்துக்குத் தெக்கா சிலாங் காத்தா என்று பெயர். சீனர்களின் விளக்குத் திருநாளில் காகித விளக்குகளில் விடுகதைச் சீட்டுகளைத் தொங்கவிடுவது பழைய மரபு. அவற்றில் எழுத்தையே பிரித்தும் கூட்டியும் போடுகின்ற புதிர்கள் உண்டு. மரத்தைக் குறிக்கும் சீன எழுத்தைப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு முறை எழுதினால் தோப்பு; மூன்று முறை எழுதினால் அடர்ந்த காடு. நம் பிள்ளை தன் மலாய்த் தோழனிடமும் சீனத் தோழனிடமும் விடுகதை கேட்டு வாங்கி வந்தால், அதுவும் ஒரு நல்ல பாடமே.

"இதெல்லாம் வெட்டிப் பொழுதுபோக்கு; இதனால் என்ன பயன், வாத்தியாரே?" என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். கேட்பது நியாயமே.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942 ஜனவரியில், லண்டனில் டெய்லி டெலிகிராஃப் நாளிதழ் ஒரு போட்டி வைத்தது. அதன் குறுக்கெழுத்தை 12 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். அதில் தேறியவர்களில் சிலரைப் போர்த்துறை பிறகு அழைத்து, பிளெட்ச்லி பார்க் என்ற இடத்தில் பகைவரின் இரகசியச் செய்திகளைப் படித்தறியும் பணியில் அமர்த்தியது. எழுதியிருப்பதன் மேற்கதையில் மயங்காமல், உள்ளே இருப்பதைப் பார்க்கும் கண் அவர்களுக்கு வாய்த்திருந்தது.

அந்தக் கண் நமக்கும் தேவையாக இருக்கிறது. கடன் பத்திரத்திலும் வேலை ஒப்பந்தத்திலும் ஒரு சிறு சொல் முழுப்பொருளையும் மாற்றிவிடுகிறது. "தவிர" என்ற ஒரு சொல், "வரை" என்ற ஒரு சொல், குடும்பத்தின் பணத்தையே தின்றுவிடக்கூடும். கைத்தொலைபேசியில் செய்தி வருகிறது: "மலேசியாவின் தலைநகரம் எது? சரியான விடை சொன்னால் ஆயிரக்கணக்கில் பரிசு. பரிசைப் பெற முதலில் 200 வெள்ளி கட்டுங்கள்." எல்லாருக்கும் தெரிந்த விடைக்கு எவன் ஆயிரக்கணக்கில் கொடுப்பான் என்று கேட்கத் தெரிந்த பிள்ளை, அந்த 200 வெள்ளியைக் காப்பாற்றிவிடும். நம்பர் சீட்டு வாங்குகிறவர்களும் தங்களுக்குள் ஒன்றைக் கேட்டுக்கொள்ளலாம். இந்த நான்கு எண்கள் ஏன் விழுந்தன என்று யாராவது காரணம் சொல்ல முடியுமா? காரணம் சொல்ல முடியாத இடத்தில் அறிவுக்கு வேலையில்லை.

இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. ஒரு பென்சிலும் பழைய நோட்டுப் புத்தகமும் போதும். நாளுக்கு ஒரு குறிப்புப் போதும். மூன்று வழிகளை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, குறிப்பின் எந்த முனையில் நேர்ப்பொருள் இருக்கிறது என்று தேடுங்கள். இரண்டாவது, தலை, வால், உள்ளே, குறுகி, திரும்பி, குழம்பி ஆகிய சொற்கள் வந்தால், அவை எழுத்துக்குச் சொல்லும் கட்டளையோ என்று ஐயப்படுங்கள். மூன்றாவது, விடை கிடைத்ததும் எல்லாச் சொற்களுக்கும் கணக்குச் சொல்லுங்கள். ஒரு சொல் மிஞ்சினால் இன்னும் தேடுங்கள்.

படிக்கத் தெரியாத பெரியவர்களும் இதில் கலந்துகொள்ளலாம். காதால் கேட்டே சொல்லைப் பிரிக்கவும் கூட்டவும் அவர்களுக்குத் தெரியும். நான் முதலில் சொன்ன என் பாட்டியே அதற்குச் சான்று. விடுகதை பொருளை மறைக்கிறது. மறைகுறிப்பு சொல்லை மறைக்கிறது. ஒன்றில் பழகிய மனத்துக்கு மற்றொன்று எளிது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம் குடும்பங்கள் பல, பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டன. அங்கே லயத்து வாசல் இல்லை. ஆனால், பாட்டிமார் இருக்கிறார்கள். அவர்களிடம் இருக்கும் விடுகதைகளைப் பிள்ளைகள் கேட்டு எழுதி வைக்க வேண்டும். கேட்காவிட்டால் அவை அவர்களோடு போய்விடும். என் பாட்டியின் விடுகதைகளில் பத்துக்கு மேல் எனக்கு இப்போது நினைவில்லை. எழுதி வைக்கவில்லையே என்று வருந்துகிறேன்.

இறுதியாக, அந்தச் சிறுமியைப் பற்றிச் சொல்லிவிட்டு விடைபெறுகிறேன். மறுநாள் காலையில் வகுப்பில் எல்லார் முன்னிலையிலும், "உன் விடையும் சரிதான், என் கேள்விதான் தவறு" என்று சொன்னேன். அவளுக்குச் சேர வேண்டிய பரிசையும் வாங்கிக் கொடுத்தேன். அதன் பிறகுதான் கிராணியார் காட்டிய வழியில், காரணம் சொல்லக்கூடிய குறிப்புகளை அமைக்கத் தொடங்கினேன். இரண்டு ஆண்டுகள் கழித்து, ஆறாம் ஆண்டு முடிந்து பள்ளியை விட்டுப் போகும்போது, அந்த மாணவி ஒரு தாளை மடித்து என்னிடம் கொடுத்தாள். "சார், இதற்கு ஒரே விடைதான் சார். நான் சோதித்துப் பார்த்துவிட்டேன்" என்றாள். அதில் அவளே அமைத்த ஒரு குறிப்பு இருந்தது. அதை உங்களுக்கும் தருகிறேன். விடையை நான் சொல்லப்போவதில்லை. இன்றிரவு வீட்டில் எல்லாரும் சேர்ந்து கண்டுபிடியுங்கள். ஏன் அதுதான் விடை என்பதையும் பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள்.

"திண்டாட்டத்தின் தலையெழுத்து மாறினால், தீபாவளியன்று வீடெங்கும் இருப்பது (6)."